கண்டிச்சீமைக்கு ஒரு முதுகுப்பை யாத்திரை

குருவிகுளத்திலும் அதைச் சூழ்ந்த கரிசல் கிராமங்களிலும் இலங்கையைப் பற்றிப் பேச்செழுந்தால், அதை ஏதோ கண்காணாத அந்நிய தேசமாக எண்ணிப் பேசுகிற முதியவர்களைக் காண்பது அரிது. மழை பொய்த்துக் கம்பும் சோளமும் கருகி, பருத்திக் காட்டில் கூலி வேலையும் அற்றுப்போன வருஷங்களில், கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கண்டிச்சீமைக்குப் புறப்பட்டுப்போன குடும்பங்கள் பழைய திருநெல்வேலி ஜில்லாவின் வானம் பார்த்த பூமியெங்கும் இருந்தன; 1964 அக்டோபரில் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பிறகு, தாம் பிறந்த மலையை விட்டுப் பாட்டன் பிறந்த மண்ணுக்குத் திருப்பியனுப்பப்பட்ட குடும்பங்களும் இங்கே உண்டு. திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் துயரத்தைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ என்ற கதையில் எழுதியிருக்கிறார். அந்தத் தலைமுறை மூட்டையைத் தலையில் சுமந்து சென்றது பிழைப்புக்காக. இன்று நம் பிள்ளைகள் பையை முதுகில் சுமந்து செல்ல விரும்புவது உலகத்தைக் கண்ணாரக் காண்பதற்காக. இரண்டுக்கும் நடுவே ஏற்பட்டிருக்கும் இந்த மாறுதல் நாம் மனமார மகிழ வேண்டிய ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

சென்னையிலும் பெங்களூரிலும் உத்தியோகம் பார்க்கும் நம் பக்கத்து இளைஞர்கள், வெப்பமண்டலத் தீவொன்றில் குறைந்த செலவில் ஒரு மாதம் சுற்றிவர வேண்டும் என்று ஆசைப்படும்போது, அவர்களுடைய சித்தம் பாலித்தீவையும் பிலிப்பைன்ஸையும் நாடிச் செல்கிறது. அவையும் அழகிய நாடுகளே. ஆனால் முதல் யாத்திரைக்கு, மொழியும் உணவும் பாதி உறவாகவும் பாதி புதுமையாகவும் இருக்கிற, நமது தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறையச் சரிபாதியான, 65,610 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமே உள்ள இலங்கையை விடப் பொருத்தமான நாடு வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. ஊர் ஊராக இறங்கி, சாதாரணப் பஸ்ஸிலும் மூன்றாம் வகுப்பு ரயிலிலும் ஏறி, நினைத்த இடத்தில் தங்கிச் செல்கிற பிரயாணத்துக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோன்ற தேசம் அது.

இத்தகைய யாத்திரைக்குத் திட்டமிடுவோர் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களின் ஜாபிதா ஒன்றை முதலில் தயாரித்துக்கொண்டு, பிறகு அந்த இடங்களைக் கோட்டால் இணைக்க முயல்கிறார்கள். இலங்கையைப் பொறுத்தவரை அது தலைகீழான முறை. அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்தக் காற்று எப்போது வீசுகிறது என்பதுதான்; மற்ற யாவும் அதன்பின் வரும்.

இதைக் குருவிகுளத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்தில் சாரல் அடித்து அருவிகள் பெருகும் அதே நாட்களில், மலையைத் தாண்டிய காற்று ஈரம் முழுவதையும் இழந்து, சங்கரன்கோவில் பக்கத்தில் வெறும் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். இலங்கையின் நடுவே, பீதுருதலாகலை என்ற 2,524 மீட்டர் சிகரத்தை உச்சியாகக் கொண்டு எழுந்துள்ள மலைநாடும் இந்தக் காரியத்தையே செய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசுகிற தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலி, இரத்தினபுரி, அட்டன் ஆகிய மேற்குப் பிரதேசங்களில் மழையைக் கொட்டிவிட்டு, மட்டக்களப்பையும் திருகோணமலையையும் வறண்ட காற்றாகவே சென்றடைகிறது. ஐப்பசி பிறந்தபின் வருகிற வடகிழக்குக் காற்றோ வடக்கையும் கிழக்கையும் நனைத்து, தை மாதத்தில்தான் ஓய்கிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் தென்மேற்கை ஈரவலயம் என்றும், 1,750 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்யும் பெரும்பகுதியை உலர்வலயம் என்றும் அந்நாட்டுப் பாடப்புத்தகங்கள் பிரித்துச் சொல்கின்றன. ஒரு கரையில் மழை அடைத்துப் பெய்யும்போது மறுகரையில் வெயில் காய்வதால், வருஷத்தின் எந்த மாதத்திலும் அங்கே போகலாம். ஆனால் எந்த மாதத்திலும் தேசம் முழுவதற்கும் போகலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

தேசத்தின் வடகோடியிலிருந்து மலைநாடு வரை ஒரே மூச்சில் கண்டுவர விரும்புவோருக்கு மாசியும் பங்குனியுமே உத்தமமான காலம். வடகிழக்கு மழை ஓய்ந்து, தென்மேற்கு மழை தொடங்காத அந்த இடைவெளியில் இரு கரைகளும் பெரும்பாலும் உலர்ந்திருக்கும். சிவனொளிபாத மலையில் டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாதத்து வெசாக் வரை நடக்கும் யாத்திரைப் பருவமும் அப்போது நடுவிலிருக்கும். மன்னாரில் திருக்கேதீஸ்வரத்துச் சிவராத்திரியும், மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர் ஓடும் மாசிமக விழாவும் சுமார் பதினைந்து தின இடைவெளியில் வருவதால், முன்னதற்கும் பின்னதற்கும் நடுவே வழிநடைக்கு வேண்டிய அவகாசமும் கிடைத்துவிடுகிறது. சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டிய வாரத்தை மாத்திரம் தவிர்ப்பது நல்லது. சிங்களரும் தமிழரும் ஒருசேரக் கொண்டாடும் பண்டிகையாதலால் கடைகள் சாத்தப்பட்டு, பஸ்களில் கால்வைக்க இடமிராது.

கடலைக் கடக்கும் வழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த சரித்திரம் நம் பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பலும், மீண்டும் கொழும்பு வரை ரயிலுமாக ‘போட் மெயில்’ ஓடத் தொடங்கிற்று; 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழி அறுந்தது. 2011-ல் தூத்துக்குடியிலிருந்து மீண்டும் தொடங்கிய கொழும்புக் கப்பலும் சில மாதங்களில் நின்றுவிட்டது. இன்று நமக்கிருக்கிற கடல்வழி நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்குச் செல்வது. 2023 அக்டோபரில் தொடங்கி, சில தினங்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி உயிர்பெற்றது. சுமார் நான்கு மணி நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடலாம். கடல் கொந்தளிக்கும் ஐப்பசி முதல் தை வரையில் அது நிற்பதுண்டாகையால், மாசியில் எந்தத் தேதியில் ஓடத் தொடங்குகிறது என்பதை நிச்சயமாகத் தெரிந்துகொண்ட பின்பே சிவராத்திரிக் கணக்குப் போட வேண்டும். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கிறது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானங்கள் போகின்றன. நான் சொல்லும் யோசனை, கப்பலில் போய் விமானத்தில் திரும்புவது. கடலின் வழியே ஒரு தீவை நெருங்குகிற அனுபவத்துக்கு ஈடாக எதையும் விமான ஜன்னல் தருவதில்லை. திரும்பும்போதோ கையில் பணமும் உடம்பில் வலுவும் குறைந்திருக்கும், வீட்டு ஞாபகமும் வந்திருக்கும்.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் திருநெல்வேலி சேவா கேந்திரத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம். போலீஸ் விசாரணைக்கும் சேர்த்துக் காலம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இருக்கிறவர்கள், பிரயாணத் தேதிக்குப் பின்னும் ஆறு மாதம் அது செல்லுமா என்று பார்த்துக்கொள்வது அவசியம். இலங்கை அரசாங்கம் இணையத்தின் மூலம் கொடுக்கும் பிரயாண அனுமதியைப் புறப்படுவதற்கு முன்பே பெற்றுவிட வேண்டும். சாதாரணமாக அது முப்பது நாட்களுக்குச் செல்லும். அதன் கட்டண விதிகள் அடிக்கடி மாறுவதால், அந்த நாட்டு அரசாங்கத்தின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெவர் சொல்லையும் நம்பிப் பணம் கட்டலாகாது.

இனி வழி. காங்கேசன்துறையில் இறங்கியவர் சில தினங்களையாவது யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்காமல் தெற்கே ஓடுவது பெரும் நஷ்டம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையும், 1981-ல் எரியுண்டு பின்னர் மீண்டும் எழுப்பப்பட்ட பொது நூலகத்தையும், கீரிமலைக் கேணியையும், படகேறிச் செல்ல வேண்டிய நயினாதீவையும் காட்டுக்குதிரைகள் திரியும் நெடுந்தீவையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். அங்குள்ளவர்கள் நீண்ட யுத்தத்தைக் கடந்து வந்தவர்கள். இழந்தவற்றைப் பற்றி அவர்களாகச் சொன்னால் செவிகொடுத்துக் கேட்பதும், சொல்லாதபோது கேள்வி கேட்டுக் கிளறாதிருப்பதும் விருந்தாளியின் முதற் கடமை. வடக்கிலும் வன்னியிலும் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றுப்பெறவில்லை. சிவப்பு எச்சரிக்கைப் பலகை தெரிகிற நிலத்தில் எந்தக் குறுக்குவழிக்காகவும் கால் வைக்கக் கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிவரை செல்லும் நெடுஞ்சாலைக்கு ஏ-9 என்று பெயர். சிவராத்திரிக்காக மன்னார் சென்றவர்கள் மதவாச்சியில் வந்து இதைப் பிடிக்கலாம். அந்த மதவாச்சிக்குத் தெற்கேயுள்ள சாலையில் பஸ் ஓடும்போது, கரிசல் பூமியிலிருந்து வருகிறவன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தன் மனத்தைச் சற்று அமைதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் பத்தொன்பதாம் நூற்றாண்டில், மலையில் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், பாக் நீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம் ஜனங்கள், நிழலும் நல்ல தண்ணீரும் கிடைக்காத அந்த வனாந்தரத்தின் வழியே பல நாள் நடந்தே மாத்தளையை அடைந்தார்கள். காலராவும் அம்மையும் பசியும் வழியிலேயே ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயின. நடக்கமாட்டாதவர்கள் பாதையோரத்தில் விடப்பட்டார்கள். உயிரோடு சென்று சேர்ந்தவர்கள் கும்பிட்ட தெய்வந்தான் மாத்தளை முத்துமாரி. பிற்காலத்தில் தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் முகாம்கள் அமைத்து, ஆட்களை நோய் பார்த்து நிறுத்திவைத்து அனுப்பும் ஏற்பாடு வந்தது. அந்தப் பாதையை இன்று நாம் ஒரு பகற்பொழுதில், டிக்கெட் வாங்கிய கௌரவமான பிரயாணியாகக் கடந்துவிடுகிறோம்.

வழியிலுள்ள அநுராதபுரத்துக்கும் சீகிரியாவுக்கும் தம்புள்ளைக் குகைகளுக்கும் எவ்வளவு நேரம் கொடுப்பது என்பது அவரவர் ருசி. சோழர்கள் ராஜதானியாக வைத்திருந்த பொலன்னறுவையில், கருங்கல்லில் எழுப்பிய சிவாலயங்கள் இன்றும் நிற்கின்றன. தஞ்சையைப் பார்த்தவர்கள் அவசியம் அங்கே போக வேண்டும். இந்த இடங்களில் அந்நியருக்குக் கட்டணம் அதிகம். ஆனால் சார்க் தேசத்தவருக்குச் சலுகைக் கட்டணம் இருந்துவந்திருப்பதால், பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதிருப்பது பிரயோஜனப்படும்.

கண்டியிலிருந்து பதுளைக்குப் போகும் மலை ரயிலைப் பற்றி உலகமெங்கும் எழுதுகிறார்கள். 1867-ல் கண்டியை எட்டிய இருப்புப்பாதை, 1885-ல் நானுஓயாவையும், 1924-ல்தான் பதுளையையும் எட்டிற்று என்பதிலிருந்தே அந்த மலையில் பாதை போடுவது எவ்வளவு கஷ்டமான காரியமாக இருந்தது என்பதை ஊகிக்கலாம். பட்டிப்பொலை ஸ்டேஷன் ஏறக்குறைய 1,890 மீட்டர் உயரத்திலிருக்கிறது. தெமோதரையில் பாதை ஒரு முழு வட்டம் அடித்துத் தன் அடியிலேயே புகுந்து செல்கிறது. முன்பதிவு செய்த இடங்களை வெளிநாட்டுப் பிரயாணிகள் முன்கூட்டியே நிரப்பிவிடுவார்கள். அதற்காக வருந்த வேண்டியதில்லை, அன்றாடம் விற்கும் மூன்றாம் வகுப்புச் சீட்டே நமக்குப் போதும். கொழுந்து பறிக்கும் பெண்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு ஏறுகிற பெட்டி அதுதான். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலால் மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்து, உயிர்ச்சேதமும் பாதைச்சேதமும் மிகுதியாக நேர்ந்தமையால், எந்தப் பகுதிவரை ரயில் ஓடுகிறது என்பதைக் கண்டியில் கேட்டறிந்து, மீதி வழிக்குப் பஸ்ஸை நம்பிக்கொள்வது விவேகம்.

தேயிலையின் சரித்திரமும் இந்த மலையிலேயே கிடக்கிறது. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காத்லாந்துக்காரர் லூல்கந்துரையில் தேயிலையை வியாபார முறையில் பயிரிட்டார். 1869-ல் தலைகாட்டிய இலைத்துரு நோய் சில வருஷங்களில் கோப்பியை அடியோடு அழிக்கவே, மலை முழுவதும் தேயிலையாயிற்று. கண்டியை அடுத்த ஹந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகம் இயந்திரங்களையும் துரைமார்களையும் பற்றி நன்றாகச் சொல்கிறது. ஆனால் கம்பளைக்கு அருகே, தோட்டமொன்றின் பழைய லயத்திலேயே தொழிலாளர்களுக்கென்று அமைத்திருக்கும் சிறிய அருங்காட்சியகத்தையும் பார்த்தாலன்றி அந்தக் கதையின் பாதிதான் தெரியும். 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த உழைப்பாளிகளை நாடற்றவர்களாக்கிற்று. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் பிரச்சினைக்கு 2003-ல்தான் சட்டபூர்வமான முடிவு வந்தது. எல்ல என்ற ஊரின் ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிற பிரயாணிக்கு இவை தெரியாமற் போனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். சங்கரன்கோவில் தாலுகாவிலிருந்து போகிறவருக்குத் தெரியாமற் போகலாகாது.

ஆடி மாதத்தில் மாத்திரமே விடுமுறை கிடைக்கிறவர்கள் மேற்சொன்ன வழியை விட்டுவிட்டுக் கிழக்குக் கரையைத் தேர்ந்துகொள்ளலாம். திருகோணமலையில் கோணேஸ்வரம், மட்டக்களப்பு வாவி, பொத்துவில் அறுகம்பை என்று இறங்கி, விழாக்காலத்தில் கதிர்காமத்தை அடையலாம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகவே கதிர்காமம் வரை ஏறத்தாழ இரண்டு மாதம் நடந்துபோகிற பாதயாத்திரை இன்றும் நடக்கிறது. குமண, யால வனங்களின் வழியை அப்போது சில தினங்கள் யாத்திரிகர்களுக்காகத் திறந்துவிடுகிறார்கள். கையில் ஒரு துணிமூட்டையோடு, வழியிலுள்ள ஊரார் இடுகிற அன்னத்தை உண்டு, கோயில் மண்டபத்தில் படுத்துறங்கிச் செல்லும் அவர்களே அந்தத் தீவின் முதல் முதுகுப்பைப் பிரயாணிகள் என்று சொல்லத் தோன்றுகிறது.

பை ஏழெட்டுக் கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டு மூன்று பருத்திச் சட்டைகள், முழங்காலை மறைக்கும் உடை, படுக்கவும் துவட்டவும் போர்த்தவும் உதவும் ஒரு நாலுமுழ வேட்டி, குடை, கைவிளக்கு இவை போதும். ஆனால் நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்திலிருப்பதால், தை மாசி இரவுகளில் நம் ஊர்க்காரர் எதிர்பாராத குளிர் அடிக்கும். ஒரு கம்பளிச் சட்டையின்றிப் போகக் கூடாது. சிவனொளிபாத மலையில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை இரவில் ஏறும்போது வியர்த்த உடம்பு, உச்சிக் காற்றில் நின்றதும் நடுங்கிப்போகும். 2016-ல் மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்திருந்தாலும் டெங்கு உண்டாகையால் கொசுக் களிம்பும், ஈரக் காடுகளில் அட்டைக்காகச் சிறிது உப்பும் எடுத்துப்போகலாம். வழித்தீனிக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாயை விடச் சிறந்ததை நான் அறியேன். கெடாது, கனக்காது, பசியை அடக்கும்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். இடியாப்பமும் சொதியும் சம்பலும் எங்கும் கிடைக்கும். சைவக் கடைகள் மலைநாட்டு நகரங்களிலும் யாழ்ப்பாணத்திலும் நிறைய உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து நம்முடைய யூ.பி.ஐ. மூலமாகவும் அங்கே பணம் செலுத்த வழியேற்பட்டிருக்கிறதென்றாலும், பஸ்ஸுக்கும் தேத்தண்ணீருக்கும் காசுதான் வேண்டும். பௌர்ணமிதோறும் பொது விடுமுறை என்பதை நினைவில் வைத்து வங்கிக்குப் போக வேண்டும். பஸ்ஸின் முன்னாசனம் குருமார்களுக்கு உரியது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதை அங்கே பெரும் அவமரியாதையாகக் கொள்கிறார்கள்.

முன்னோர் எவராவது தோட்டத்தில் இருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பாவது வீட்டிலும் தெருவிலுமுள்ள பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. தேசப்படத்தில் ஆங்கிலப் பெயரால் குறிக்கப்பட்டிருக்கும் தோட்டத்துக்கு ஜனங்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் பெரும்பாலும் வேறாக இருக்கும். ஆகவே தாத்தாவும் பாட்டியும் சொல்லிய அந்தப் பெயரையும், எந்த டிவிஷன் என்பதையும், கடிதம் போய்ச் சேர்ந்த தபாலாபீஸின் பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பழைய உறை ஏதேனும் பெட்டியில் கிடந்தால் அதைப் படம் பிடித்துக்கொள்ளலாம். அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை எந்த ஊர்ப் பஸ் நிலையமானாலும் சரி, அந்தக் காகிதத்தைக் காட்டினால் எந்தப் பஸ்ஸில் ஏறி எந்த முச்சந்தியில் இறங்கி நடக்க வேண்டும் என்பதைத் தமிழிலேயே சொல்ல அங்கே ஆளிருக்கும். தோட்டத்துக்குள் போகிற பஸ்கள் நாளொன்றுக்குச் சிலவேயாதலால், காலை வண்டியில் போய்விட்டுக் கடைசி வண்டி எப்போது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்வது நலம்.